ஒரே படம், இரண்டு ஆட்டங்கள்
ஒரு நிகழ்வை இருவர் வெவ்வேறாகச் சொன்னால் அவர்களில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று, சாட்சிகளின் முரண்பட்ட கூற்றுகளைப் பற்றி எழுதிய கட்டுரையாளர் முடிவுகட்டுவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1951 நவம்பரில் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியும் டார்ட்மவுத் கல்லூரி அணியும் மோதிய அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பிரின்ஸ்டனின் நட்சத்திர வீரருக்கு மூக்கு உடைந்தது. எதிரணி வீரர் ஒருவருக்குக் கால் முறிந்தது. பின்னர் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரு தரப்பு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டி விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னபோது, டார்ட்மவுத் மாணவர்கள் தம் அணியிடம் கண்டதைவிட இரு மடங்குக்கும் அதிகமான தவறுகளைப் பிரின்ஸ்டன் மாணவர்கள் அதே டார்ட்மவுத் அணியிடம் கண்டனர். திரையில் ஓடியது ஒரே படம்தான். பொய் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவர்களில் எவருக்கும் இல்லை. தன் அணி என்ற பற்று, தீர்ப்புச் சொல்வதற்கு முன்பே, கண் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத் தேர்ந்துவிடுகிறது. சாட்சியைப் பொய்யர் என்று தள்ளுமுன், அவர் எந்தத் தரப்பில் நின்று பார்த்தார் என்பதையாவது கட்டுரையாளர் விசாரித்திருக்க வேண்டும்.