‘நாட் கெட்டிங் யூ’ என்று சொன்ன பெண் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை

அந்த ரீலை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நேற்றிலிருந்து எனக்கே எத்தனையோ பேர் சிரிப்பு எமோஜியோடு அனுப்பிவிட்டார்கள். முழுக்கச் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஒரு இடம் போதும். மாதிரி இன்டர்வியூவில் உட்கார்ந்திருக்கும் பெண் கேள்வி பிடிபடாமல், “சார், ஐ ஆம் நாட் கெட்டிங் யூ” என்கிறாள். பயிற்சியாளர் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, “நான் உனக்குக் கிடைக்க மாட்டேம்மா, எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு” என்கிறார். வகுப்பே சிரிக்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவளும் சேர்ந்து சிரிக்கிறாள். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவள் எடுத்த சொல் சரியான சொல். கெட் என்றால் கிடைப்பது மட்டும் இல்லை, புரிவதும்தான். ‘ஐ கெட் இட்’ என்றால் புரிந்தது. லண்டன் பையன்கள் பேச்சுக்குப் பேச்சு ‘யூ கெட் மீ?’ என்று முடிப்பார்கள், நாம் ‘புரியுதா?’ என்று கேட்கிற மாதிரி. அவள் வாக்கியத்தில் பிசகு என்று சொன்னால் அந்த ‘இங்’ ஒன்றுதான். புரிகிற பொருளில் வரும்போது இலக்கணப் புத்தகம் ‘ஐ டோன்ட் கெட் யூ’ என்றுதான் சொல்லும். ‘லவ்’ என்ற சொல்லுக்கும் அதே விதிதான், ஆனால் மெக்டொனால்ட்ஸ் 2003இல் ‘ஐ ஆம் லவ்விங் இட்’ என்று உலகம் முழுக்க விளம்பரம் செய்தபோது அதை யாரும் தப்பு என்று ரீல் போட்டு வகுப்பைச் சிரிக்க வைக்கவில்லை. அதே ‘இங்’ பெரம்பலூரிலிருந்தோ அரியலூரிலிருந்தோ வந்த ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்தால் மட்டும் சிரிப்பு வருகிறது.

கெட் என்ற சொல்லை ஒற்றைப் பொருளில் பிடித்து வைக்க ஆங்கிலேயர்களாலேயே முடிந்ததில்லை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிலிப் விதர்ஸ் என்பவர் இந்தச் சொல்லைத் திட்டுவதற்காகவே ஒரு பத்தி எழுதினார். ஒருவனுக்குக் கடிதம் கிடைக்கிறது, குதிரையில் ஏறுகிறான், கான்டர்பரி போய்ச் சேருகிறான், வண்டி பிடிக்கிறான், நனைந்து போகிறான், சளி பிடிக்கிறது, சவரம் செய்துகொள்கிறான், ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறான். அத்தனைக்கும் கெட்டின் இறந்தகாலமான ‘காட்’, ‘காட்’, ‘காட்’தான். இப்படி எழுதுவது சோம்பேறித்தனம் என்று காட்ட நினைத்தார். அதற்குப் பிறகும் இங்கிலாந்துப் பள்ளிகளில் எத்தனையோ ஆசிரியர்கள் கட்டுரையில் இந்தச் சொல்லை எழுதாதே என்று சொல்லிப் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை. எழுந்திருக்க ‘கெட் அப்’, சமாளிக்க ‘கெட் பை’, தப்பிக்க ‘கெட் அவே’, ஒத்துப்போக ‘கெட் அலாங்’, துக்கத்திலிருந்து மீண்டு வர ‘கெட் ஓவர்’. கல்யாணம் ஆவதற்கும் இதே சொல்தான் என்பது, கல்யாணம் ஆயிடுச்சு என்று சொல்லிக்கொண்ட அந்தப் பயிற்சியாளருக்கும் தெரிந்திருக்கும்.

சொல்லே அவர்களுடையது இல்லை என்பது இன்னொரு விஷயம். இங்கிலாந்தில் வந்து இறங்கிக் கொள்ளையடித்து, அப்புறம் அங்கேயே குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ என்று இருந்தது. அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது. வந்த பிறகும் ஒரே மாதிரி நிற்கவில்லை. ‘ஹேவ்’ சேர்த்துச் சொல்லும்போது அமெரிக்கர்கள் ‘காட்’டை ‘காட்டென்’ என்றால் பிரிட்டிஷ்காரர்கள் பலர் அது அமெரிக்கக் கொச்சை என்று முகம் சுளிப்பார்கள். 1611இல் அச்சான அவர்களுடைய கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே, காயீனைப் பெற்றதும் ஏவாள் ‘காட்டென்’ என்றுதான் பேசுகிறாள். பிரிட்டிஷ்காரர்கள் பாதியில் விட்டுவிட்டார்கள், அமெரிக்கர்கள் விடவில்லை, அவ்வளவுதான். தங்கள் தாய்மொழியில் புழங்கும் சொல்லிலேயே இரண்டு நாடு சண்டை போட்டுக்கொள்ளும்போது, இருபது வயதுப் பெண் ஒரு ‘இங்’ கூடுதலாகப் போட்டதில் என்ன குடி முழுகிவிட்டது?

இதே ஆள் போன மாதம், வண்டியிலிருந்து இறங்குவதை ‘கெட் டவுன்’ என்று சொல்வதற்கும் ஒரு ரீல் போட்டார், ஞாபகம் இருக்கும். பஸ்ஸிலிருந்து இறங்க ‘கெட் ஆஃப்’, காரிலிருந்து இறங்க ‘கெட் அவுட்’. படியிறங்கிக் கீழே வருகிறவனுக்கு ‘டவுன்’ என்று தோன்றுவதில் என்ன அதிசயம்? நாம் சட்டை போடுகிறோம், காபி போடுகிறோம், கணக்குப் போடுகிறோம், கையெழுத்துப் போடுகிறோம், சண்டை போடுகிறோம். தமிழ் கற்கும் ஒரு வெள்ளைக்காரர் ‘நான் சண்டை வைத்தேன்’ என்றால் என்ன செய்வோம்? கன்னத்தில் கை வைத்து, ‘அடடா, எவ்வளவு அழகா தமிழ் பேசுறார்’ என்று சொல்லி அந்த வீடியோவையும் பரப்புவோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு இன்ஜினியரிங் போனவள். முதல் செமஸ்டர் லேபில் நான் சர்க்யூட்டைப் பார்த்துக்கொண்டே நின்றபோது, பேராசிரியர் என் பக்கம் திரும்பி, “கெட் கோயிங்” என்றார். சீக்கிரம் ஆரம்பி என்ற அர்த்தம் எனக்குத் தெரியாது. போ என்கிறார் போலிருக்கிறது என்று, பிரவுன் அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். “பாருங்கப்பா, மேடம் கிளம்பிட்டாங்க” என்றார். இன்று வரை அந்தக் குரல் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. சர்க்யூட் கணக்குப் போடும் மெஷ் அனாலிசிஸ் என்ற முறை சுத்தமாகப் புரியவில்லை, ஆனால் கேட்கவில்லை. ராத்திரி மெஸ் முடிந்ததும் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஒரு சீனியர் அக்கா உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள், அதனால்தான் பாஸ் ஆனேன். ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு அக்கா இருப்பதில்லை.

இப்போது என் வேலையில் இங்கிலாந்துக்காரர்களோடு பேசாத வாரம் இல்லை. லீட்ஸ் பக்கத்துக்காரர் ஒருவர் நான் ஸ்கிரீனில் காட்டிக்கொண்டிருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, “சாரி, ஐ ஆம் நாட் கெட்டிங் எனி ஆஃப் திஸ்” என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது. அவருக்குப் புரியவில்லை, அதைச் சொன்னார், நான் திரும்ப முதலிலிருந்து விளக்கினேன். அதே ‘நாட் கெட்டிங்’, அதே ‘இங்’. யாரும் கேமராவைத் தேடவில்லை.

சரி, கமெண்டில் என்ன வரும் என்று தெரியும். “அவர் சும்மா ஜாலிக்குச் செய்தார்” என்று வரும். அந்த ஜாலி என்ன என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவள் சொன்னது ‘எனக்குப் புரியவில்லை’ என்று. ஓர் ஆசிரியரிடம் ஒரு மாணவி சொல்லக்கூடிய மிக நேர்மையான வார்த்தை அது. அதை எடுத்து, ஏதோ அவள் இவர்மேல் ஆசைப்பட்ட மாதிரி திருப்பி, கல்யாணம் ஆன கதையை நடுவில் வைத்து, நாற்பது பேர் முன்னால் சிரிக்க வைத்து, அதோடு விடாமல் இன்ஸ்டாகிராமில் லட்சக்கணக்கான பேருக்கும் காட்டியிருக்கிறார். அவள் அப்பா அம்மா அந்தக் கோர்ஸுக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் கையிலும் இன்று அந்த வீடியோ இருக்கும். இதைத்தான் ஜாலி என்கிறீர்கள்.

“திருத்தாமல் விட்டால் நிஜ இன்டர்வியூவில் வேலை போய்விடாதா?” திருத்தட்டும், யார் வேண்டாம் என்றது? ‘குட் யூ ப்ளீஸ் ரிபீட் த கொஸ்டின்?’ என்று கேள் அம்மா, அதுதான் மரியாதையாக இருக்கும் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ரீலில் அந்த வாக்கியம் ஒரு இடத்திலும் இல்லை. அவளுக்குச் சரியான ஆங்கிலம் கடைசி வரை கிடைக்கவே இல்லை, நன்றாகப் பாருங்கள்.

“அந்தப் பொண்ணே சிரிச்சிட்டா, உங்களுக்கு என்ன வந்தது?” என்று நேற்றே ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார். நானும்தான் அன்று லேப் வாசலில் நின்று சிரித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? மார்க் அவர் கையில் இருக்கிறது, பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் சிரிக்கிறார்கள், அழுதால் இன்னும் கேவலமாகப் போய்விடும். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை. ‘தமிழிலேயே பேசிட்டுப் போகலாமே’ என்று கிளம்புகிறவர்களுக்கும் பதில் இல்லை, வேலை தருகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள்.

ஆக்ஸ்போர்டு அகராதியின் பீட்டர் கில்லிவர், ‘ரன்’ என்ற ஒரு வினைச்சொல்லை மட்டும் உட்கார்ந்து பிரிக்க 9 மாதம் எடுத்துக்கொண்டார், 645 பொருள் வந்தது. அகராதி எழுதுவதே தொழிலாக இருக்கிறவருக்கு ஒரு சொல்லுக்கு 9 மாதம் தேவைப்படுகிறது. நம் பிள்ளைகள் ஒரு கோர்ஸ் முடிவதற்குள் ரன், கெட், செட், டேக் எல்லாவற்றையும் எந்த வாக்கியத்தில் எப்படி வரும் என்று பிசகில்லாமல் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் ரீல். இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற எத்தனை பையன்கள், எத்தனை பெண்கள் நாளைக்கு வகுப்பில் ‘புரியவில்லை’ என்று சொல்ல யோசிப்பார்கள் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சொல்லாமலே தலையாட்டிவிட்டுப் போவார்கள். நானும் அப்படித்தான் போனேன்.

அந்தப் பெண்ணை யாருக்காவது தெரிந்தால், அவள் கேட்டது சரியான கேள்விதான் என்று சொல்லுங்கள். கீழே அந்த வீடியோவின் லிங்கையோ, அவள் முகம் தெரிகிற ஸ்கிரீன்ஷாட்டையோ யாரும் போடாதீர்கள். போட்டால் நீக்கிவிடுவேன். ஏற்கெனவே பகிர்ந்தவர்கள் எடுத்துவிடுங்கள், ரிப்போர்ட் செய்யத் தெரிந்தவர்கள் ரிப்போர்ட் செய்யுங்கள்.