35.5 உடன் முடிந்துபோகும் பாடம்

ஹற்றனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். சமதானி, அதாவது ஒரே மூலகத்தின் வேறு வேறு திணிவுள்ள அணுக்கள், என்றதும் பேனையை எடுத்துவிடுவார்கள். குளோரின் 35, குளோரின் 37, இரண்டும் கலந்திருக்கும் விகிதப்படி சராசரி 35.5. விடை வந்தால் பாடம் சரி. பிள்ளைகள்மேல் தப்பில்லை, வினாத்தாளுக்கு அவ்வளவு போதும். ஆனால் கணக்கோடு மட்டும் நிறுத்துவது அநியாயம் என்று உறுதியாக நினைக்கிறேன்.

போன கிழமை ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இந்த விகிதம் எல்லா இடத்திலயும் ஒன்றுதானா?"

இல்லை. ஆனால் அதை நம் மலைக் கற்களில் காட்ட முடியாது. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழத்தில் வெந்து உருமாறியவை அவை. சூரியத் தொகுதியின் தொடக்ககாலக் கதை வேண்டுமென்றால், உருகாமல் தப்பிய விண்கல் வேண்டும்.

1969 பெப்ரவரி 8 அன்று மெக்சிக்கோவில் விழுந்த அயெந்தே அப்படியானது. இரண்டு தொன்னுக்கு மேல் பொறுக்கினார்கள். அதிலுள்ள வெள்ளைத் திட்டுகளுக்கு வயது சுமார் 456.7 கோடி ஆண்டுகள். சூரியத் தொகுதியிலேயே உருவாகி, நாம் வயது கணித்த திண்மங்களில் அவைதான் மூத்தவை.

1976இல் விஞ்ஞானி வாசர்பர்க்கின் குழுவினர் அந்தத் திட்டொன்றில் மகனீசியம்-26 கூடுதலாக இருப்பதைக் காட்டினார்கள். கூடுதல் என்பதைவிட, அது கூடிய விதம்தான் எனக்குப் பெரிது. ஒரே திட்டுக்குள், மகனீசியத்தோடு ஒப்பிட எந்தக் கனிமத்தில் அலுமினியம் அதிகமோ, அதில்தான் மகனீசியம்-26உம் அதிகம். அலுமினியத்தைப் பார்த்து மகனீசியம் ஏன் கூட வேண்டும்? அந்த அணுக்கள் முன்பு அலுமினியம்-26 ஆக இருந்து, கதிரியக்கத்தால் சிதைந்து மகனீசியமானவை! அதன் அரைவாழ்வுக் காலம், அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், ஏறக்குறைய 7 இலட்சம் ஆண்டுகள்தான். அப்படியென்றால் கல் உறையும்போது அது புதிதாகவே வந்து சேர்ந்திருக்க வேண்டும். வெடித்த நட்சத்திரத்திலிருந்தா, பெரு நட்சத்திரமொன்றின் காற்றிலிருந்தா என்ற வாதம் இன்னும் ஓடுகிறது.

ஒட்சிசன் கதை வேறு. 1973இல் விஞ்ஞானி கிளேட்டனின் குழுவினர் இதே திட்டுகளில் ஒட்சிசன்-16 மிகுந்திருப்பதைக் கண்டபோது, விண்கல்தான் விசித்திரமென்று தோன்றியது. அப்புறம் ஜெனிசிஸ் விண்கலம் சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து வீசும் துகள்களை, பிடித்து வந்தது. 2011இல் முடிவு வெளியானது: சூரியனும் அந்தத் திட்டுகளின் பக்கம்தான். விலகி நிற்பது பூமி.

மாணவியிடம் அந்தத் திட்டின் அலுமினியம், மகனீசியம் எண்களைக் கொடுத்து வரைபு கீறச் சொன்னேன். புள்ளிகள் நேர்கோட்டில் விழுந்தன. சரிவைக் கணித்தாள்: கல் உறைந்த காலத்தில் ஒரு இலட்சம் சாதாரண அலுமினிய அணுக்களுக்கு அலுமினியம்-26 ஐந்து. கொப்பியைத் திருப்பி என்னிடம் காட்டினாள். மணி அடித்தும் எழும்பவில்லை.