தூண்களைத் தவிர ஒன்றுமில்லையாம்

அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். திருமலை நாயக்கர் மகாலைக் கால் மணி நேரத்தில் சுற்றிவிட்டு, "தூண்களைத் தவிர ஒன்றுமில்லை, டிக்கெட் காசு தண்டம்" என்று அந்தத் தம்பி தீர்ப்பு எழுதிவிட்டார். பல காலம் நீதிமன்றம் நடந்த கட்டடம் அல்லவா, உள்ளே போனால் அந்த ஆசை வரும்போல.

தம்பி, நீங்கள் பார்த்தது மகால் அல்ல, மகாலின் மிச்சம். திருமலை நாயக்கர் 1636-இல் கட்டியதில் இன்று நிற்பது கால் பங்குதான் என்கிறார்கள். தலைநகரைத் திருச்சிக்கு மாற்றிய சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கரே பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார். 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு பழுதுபார்த்ததால்தான் இதுவாவது நிற்கிறது. "இவ்வளவுதானா" என்று தாராளமாகக் கேளுங்கள். மிச்சம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

"விளக்கிச் சொல்ல ஆள் இல்லையே, எங்களுக்கு எப்படித் தெரியும்?" நியாயம்தான். ஆனால் மதுரையில் எந்தச் சந்தில் எந்தப் புரோட்டாக் கடை என்று மட்டும் யார் சொல்லித் தெரிந்துகொண்டீர்கள்?

வெளியூர்க்காரர்களை விடுங்கள். என் சித்தப்பா மகன் குடும்பத்தோடு வந்தபோது, "வெயிலாக இருக்கிறது அண்ணா, ஜிகர்தண்டா குடித்துவிட்டுக் கிளம்புகிறோம்" என்றான். நான் விடவில்லை. மகாலைக் காட்டிவிட்டு, பத்துத்தூண் சந்து வரை நடத்தியே கூட்டிப்போனேன். ஜவுளிக்கடைகளுக்கு நடுவே, அண்ணாந்து பார்க்க வேண்டிய கருங்கல் தூண்கள். "இதுவும் மகால்தான்" என்றேன். அவன் மகள் மட்டும், "அப்படியென்றால் நாம் நடந்து வந்த தெருவெல்லாம் என்னவாக இருந்தது பெரியப்பா?" என்று கேட்டாள். அவள் அப்பா சுடிதார் விலை விசாரித்துக்கொண்டிருந்தான்.

"மக்களைப் பிழிந்து கட்டிய ராஜா வீட்டுக்கு எதற்கு இந்த உருக்கம்?" என்று ஒருவர் வருவார். நாயக்கருக்கு நான் வக்கீல் இல்லை. ஆனால் மகாலின் அரியணை மண்டபமான சொர்க்கவிலாசத்தில் ஓர் உத்தரம்கூடக் கொடுக்காமல், செங்கல்லும் சுண்ணாம்புமாகவே விதானத்தை நிறுத்திய கொத்தனார் ராஜாவா? அவர் வேலையைத்தானே ஒன்றுமில்லை என்கிறீர்கள்? வரைந்து கொடுத்தது இத்தாலிக்காரர் என்று இன்னொருவர் கிளம்பியிருக்கிறார். இருக்கட்டும் ஐயா, சுதை பூசியது யார்? அந்தச் சுதையில்தான் சாவியால் காதலி பெயரைக் கீறி வைத்திருக்கிறீர்கள். ஒன்றுமில்லாத இடத்தில் பெயர் மட்டும் எதற்கு?

"மதுரைக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் பெருமை" என்று கீழே ஒரு கமெண்ட். தஞ்சாவூர்க்காரர் பெரிய கோயிலைப் பற்றிப் பேசினால் வரலாறு, நாங்கள் மகாலைப் பற்றிப் பேசினால் வாய்ச்சவடாலா? அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் பழைய நண்பர் ஒருவரும் இருக்கிறார். வீடியோகூடப் பரவாயில்லை, அதுதான் உறுத்துகிறது. அவர் கல்யாணத்துக்கு வந்த பெண் வீட்டார் அத்தனை பேரையும் மகாலுக்கு அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டியது நான். டிக்கெட்டும் என் காசு.