டம்மி லோடுக்கு எண்ணெயா? மருந்துக்கடைக்குப் போங்க சார்

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். புதிதாக ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் வாங்கியவர், வீட்டிலேயே டம்மி லோடு செய்துகொண்டிருக்கிறார். "மச்சினன் வேலை பார்க்கிற மில்லில் பழைய டிரான்ஸ்ஃபார்மரைப் பிரிக்கிறாங்களாம் சார். அஞ்சு லிட்டர் ஆயில் சும்மாவே தர்றாங்களாம், வாங்கிடவா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். வேண்டவே வேண்டாம் என்றேன். போனில் காரணத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

ஹாம் அல்லாதவர்களுக்கு இரண்டு வரி. டிரான்ஸ்மிட்டரைச் சோதிக்கும்போது ஆண்டெனாவை மாட்டினால் நம் சிக்னல் ஊரெல்லாம் போய் அடுத்தவர் காதைக் குடையும். அதற்குப் பதில் 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மாட்டினால் பவர் அத்தனையும் அங்கேயே சூடாகிவிடும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள ரெசிஸ்டரை எண்ணெயில் முக்கி வைக்கிறோம், அவ்வளவுதான் டம்மி லோடு.

டிரான்ஸ்ஃபார்மர் ஆயில்தான் வேண்டும் என்ற பேச்சு அமெரிக்காவின் ஹீத்கிட் கம்பெனி விற்ற 'கேன்டெனா' என்ற டம்மி லோடு கிட்டோடு பரவியது என்பது என் எண்ணம். ஒரு காலன் பெயின்ட் டப்பாவுக்குள் ஒரு ரெசிஸ்டர். கிட்டில் எண்ணெய் வராது, நாம்தான் வாங்கி ஊற்ற வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் ஆயில் ஊற்றினால் கொஞ்ச நேரத்துக்கு 1 கிலோவாட் தாங்கும் என்றார்கள். அது 1 கிலோவாட் கதை. நம்மில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது 100 வாட் ரிக் (ரேடியோ செட்).

டிரான்ஸ்ஃபார்மர் ஆயிலின் பெருமையாக எல்லோரும் சொல்வது மின்காப்பு. 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் 30 கிலோவோல்ட் தாங்கும். சரி, நம் டப்பாவுக்குள் எத்தனை வோல்ட்? 50 ஓமில் 100 வாட் என்றால் உச்ச வோல்டேஜ் சரியாக 100. 400 வாட்டுக்கே 200தான். முப்பதாயிரம் வோல்ட் தாங்கும் எண்ணெயை இருநூறு வோல்ட்டுக்குத் தேடி அலைவது, கொசு அடிக்கக் கடப்பாரை எடுத்த மாதிரி. நமக்கு வேண்டியது சூட்டை வாங்கி, மெதுவாக மேலே கிளம்பி, டப்பாவின் தகரத்தில் விட்டுவிட்டு வருகிற எண்ணெய். கெட்டுப்போகக் கூடாது, சீக்கிரம் தீப்பிடிக்கக் கூடாது.

அப்படியானால் சமையல் எண்ணெயே போதுமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. என் முதல் டம்மி லோடு கடலை எண்ணெயில்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய 1 கிலோ ஓம், 3 வாட் மெட்டல் ஆக்சைடு ரெசிஸ்டர் இருபதை இரண்டு செம்புத் தகடுகளுக்கு நடுவே இணையாகப் பற்றவைத்தால் கணக்காக 50 ஓம். (ஒயர்வுண்ட் ரெசிஸ்டர் பக்கம் போகாதீர்கள், அது சுருள், இண்டக்டன்ஸ் சேர்ந்து ரேடியோ சிக்னலுக்கு 50 ஓமாக இருக்காது.) ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் அறையில் பழைய பஜ்ஜிச் சட்டி வாசம். மூடியைத் திறந்தால் ஓரமெல்லாம் பிசின் மாதிரி இழுக்கிறது, செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு. சூடும் காற்றும் செம்பும் சேர்ந்தால் சமையல் எண்ணெய் அப்படித்தான் ஆகும். போதாக்குறைக்கு எலி வேறு. மேசைக்கு அடியில் கோஆக்ஸை (ஆண்டெனா கேபிளை) நாலு இடத்தில் கடித்து வைத்திருந்தது. வீட்டில் என்ன பேச்சு வாங்கினேன் என்பது தனிப் பதிவுக்கு ஆகும்.

தேங்காய் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் சிக்குப் பிடிக்காது, ஆனால் மார்கழிக் காலையில் உறைந்து நிற்கும். விளக்கெண்ணெய் கெட்டியோ கெட்டி. ரெசிஸ்டரை ஒட்டிய எண்ணெய் கொதிக்கக் கொதிக்க நின்ற இடத்திலேயே நிற்கும், மேலே கிளம்பாது. மண்ணெண்ணெயை யாரும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். நாற்பது டிகிரியை நெருங்கும்போதே பற்றிக்கொள்ளும் ஆவி வரும், நம் ஊர் மே மாத வெயிலே கிட்டத்தட்ட அவ்வளவு.

இனி மில் ஆயில் விஷயம். பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் பி.சி.பி. இருக்கலாம். நம் சர்க்யூட் போர்டு இல்லை, பாலிகுளோரினேட்டட் பைஃபினைல். தீப்பிடிக்காது என்று ஒரு காலத்தில் கொண்டாடிய திரவம். உடம்பின் கொழுப்பில் தங்கிவிடும், புற்றுநோய் வரவைக்கும் என்று தெரிந்து அமெரிக்கா 1979-இல் அதன் உற்பத்தியைத் தடை செய்தது. 2001-இன் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, உலகம் முழுக்க ஒழிக்க வேண்டிய பட்டியலில் அதைச் சேர்த்தது. சாதாரண மினரல் ஆயில் (பெட்ரோலிய எண்ணெய்) டிரான்ஸ்ஃபார்மரில்கூட, சர்வீஸ் செய்த பம்பு, குழாய் வழியாகக் கலந்திருக்கலாம். பார்த்தாலும் முகர்ந்தாலும் தெரியாது, லேபில் கொடுத்தால்தான் தெரியும். அரைகுறையாக எரிந்தால் டையாக்ஸின் வரும். ஓசியில் வருகிற ஐந்து லிட்டருக்காக இதைப் படுக்கையறைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமா? புது ஆயில், சீல் உடைக்காத டின் என்றால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் ஒரு லிட்டர் கேட்டால் கடைக்காரர் தருவாரா என்பது வேறு கதை.

நான் இப்போது ஊற்றியிருப்பது லிக்விட் பாரஃபின். மலச்சிக்கலுக்குக் கொடுக்கிற அதேதான். நன்றாகச் சுத்திகரித்த மினரல் ஆயில், நிறமில்லை, வாசமில்லை, எலிக்கும் பிடிக்காது. லைட், ஹெவி என்று இரண்டு உண்டு, லைட் கேளுங்கள், அது நன்றாக ஓடும். மொத்தமாக ஒரு லிட்டர் கேட்டபோது மருந்துக்கடைத் தம்பி என்னை ஏற இறங்கப் பார்த்து, "வீட்ல எத்தனை பேருக்கு அங்கிள்?" என்றான். ரேடியோவுக்கு என்றேன். அதற்கு அப்புறம் அவன் பார்த்த பார்வை இன்னும் மோசம்.

சூட்டுக் கணக்கு எளிது. ஒரு லிட்டர் எண்ணெயை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 1,600 ஜூல். 100 வாட்டில் டிரான்ஸ்மிட் பொத்தானை நிமிடம் முழுக்க அழுத்தினால் 6,000 ஜூல், அதாவது நிமிடத்துக்கு நாலு டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. பத்து நிமிடம் விடாமல் அழுத்தினாலும் 33 டிகிரி அறையில் எண்ணெய் 70-ஐத்தான் தொடும். ரெசிஸ்டர் அதைவிடச் சூடாக இருக்கும், அதனால் நான் இரண்டு நிமிடத்துக்கு மேல் அழுத்துவதில்லை.

எந்த எண்ணெய் என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் மூடியை மறந்துவிடுகிறார்கள். சூடானால் எண்ணெய் விரியும், லிட்டருக்கு 40 டிகிரியில் கிட்டத்தட்ட 30 மில்லி. டப்பாவை விளிம்புவரை ஊற்றி எம்-சீல் போட்டு அடைத்தால் எங்காவது பிதுக்கிக்கொண்டுதான் வரும். மூடியில் ஒரு சின்ன ஓட்டை, மேலே இரண்டு விரல் இடம், போதும். கனெக்டரை மூடியின் மேலேயே வையுங்கள், பக்கவாட்டில் வைத்தால் என்றைக்காவது கசியும். உள்ளே எண்ணெயைத் தொடுகிற ஒயர் ஒற்றைக் கம்பியாக இருக்கட்டும். பல இழை ஒயர் என்றால் விளக்குத் திரி மாதிரி எண்ணெய் அதில் ஏறிவிடும். என்னுடையதில் ஏறி, கனெக்டர் வழியாக ரிக் பக்கம்வரை வந்துவிட்டது.

நண்பர் நேற்று மறுபடி போன் செய்தார். மருந்துக்கடையில் 400 மில்லிதான் இருந்ததாம், மீதிக்கு இன்னும் இரண்டு கடை ஏறி இறங்க வேண்டுமாம். தெருவுக்கு ஒரு கடையாக வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஒரே கடையில் கேட்டால் மானம் போய்விடும்.