கார் கண்ணாடிக்கு அழுகிறவர்களுக்கு

வெள்ளிக்கிழமை இரவு பெங்களூரு அல்சூரில், நம் தெருவின் மெத்தைக் கடைக் கிடங்கில் தீப்பிடித்தபோது நடந்ததைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அந்தச் சிறு வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பார்த்ததோடு நிற்காமல், தீயணைப்பு வீரர் கார் கண்ணாடியை உடைக்கும் இடத்தில் படத்தை நிறுத்தி, சிவப்பு வட்டம் போட்டு, "இது என்ன அராஜகம்?" என்று தலைப்பும் கொடுத்துப் பகிர்ந்துவிட்டீர்கள். இன்று காலை எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், அந்தக் காரின் உரிமையாளருக்கு நஷ்டஈடு கேட்டுத் தீயணைப்புத் துறைக்கு மனு கொடுக்கப்போவதாகவும், வீட்டுக்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றும் செய்தி வந்தது. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். சைரன் அடித்துக்கொண்டு வண்டி வந்து நின்ற நேரத்திலிருந்து, வேலையை முடித்து அவர்கள் ஹோஸைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும் வரை, அந்தத் தெரு அவர்களுடையது. உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல, சங்கத்தினுடையதும் அல்ல. காரை எடுங்கள் என்றால் எடுக்க வேண்டும், தள்ளி நில்லுங்கள் என்றால் தள்ளி நிற்க வேண்டும். எடுக்க ஆள் இல்லை என்றால் அவர்கள் எடுப்பார்கள், எப்படி எடுக்க முடிகிறதோ அப்படி.

வீடியோ தொடங்குவதற்கு முன் நடந்ததைப் பார்த்தவர்கள் தெருவில் பலர் இருக்கிறார்கள். ஏனோ அவர்கள் யாரும் குழுவில் பேசவில்லை. ஆகவே மாடியில் நின்று பார்த்த நான் சொல்கிறேன். மெத்தைக் கடைக் கிடங்கிலிருந்து புகை வரத் தொடங்கியபோது அந்தக் கார் சந்தின் முனையில், டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டி, எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றிருந்தது. அதன் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த கைபேசி எண்ணுக்குக் கடைப் பையன் அழைத்துக்கொண்டே இருந்தான், யாரும் எடுக்கவில்லை. வண்டி வந்து ஹாரன் அடித்தது, அப்போதும் யாரும் வரவில்லை. நான்கு வீரர்கள் இறங்கிக் காரைத் தள்ளிப் பார்த்தார்கள். ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததால் அது அசையவில்லை. அதற்குப் பிறகுதான் ஒருவர் ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் உடைத்து, கையை உள்ளே விட்டுக் கதவைத் திறந்து, பிரேக்கை இறக்கிவிட்டு, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். பிறகு நால்வரும் சேர்ந்து அதை மெதுவாகத் தள்ளி ஓரமாக நிறுத்தினார்கள். இதில் அராஜகம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவர்கள் நினைத்திருந்தால் வண்டியின் பம்பராலேயே காரை இடித்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார், கேலியாகத்தான் கேட்டார், பரவாயில்லை. கர்நாடகத் தீயணைப்புப் படைச் சட்டம் 1964ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. தீப்பிடித்த இடத்தில் வேலைக்கு இடையூறாக நிற்கும் எவரையும் அப்புறப்படுத்தவும், தெருவை அடைக்கவும், ஹோஸைக் கொண்டுபோவதற்காகக் கட்டடத்தையே உடைத்து நுழையவும், முடிந்தவரை குறைந்த சேதத்தோடு, அவர்களுக்கு அதில் அதிகாரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. சுவரையே உடைக்க அதிகாரம் உள்ளவர்கள் உங்கள் ஒரு ஜன்னலை உடைத்ததற்கு மனுவாம். அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால் பத்தாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 194இ பிரிவைச் சேர்த்து 2019 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். வாகனம் ஓட்டுவதற்கான 2017ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் முன்னுரிமை வரிசையையே எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் முதல் இடம் தீயணைப்பு வண்டிக்கு, ஆம்புலன்ஸுக்குக்கூட அடுத்த இடம்தான். அந்த வரிசையில் குடியிருப்போர் சங்கத் துணைத்தலைவரின் கார் எங்கே வருகிறது என்று நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இதே குழுவில் முன்பு ஒரு வீடியோ வலம் வந்தது நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் தீயணைப்புக்கான தெருவோரத் தண்ணீர்க் குழாயை, அதாவது ஹைட்ரண்டை, மறைத்து நிறுத்திய காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் உடைத்து, ஹோஸை அதன் வயிற்றுக்குள்ளேயே நுழைத்து இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு நம்மவர்கள் கைதட்டும் பொம்மைகளை வரிசையாகப் போட்டு, "இதுதான் டிசிப்ளின்" என்று எழுதியிருந்தார்கள். அந்த நாட்டில் நியூயார்க் போன்ற ஊர்களில் ஹைட்ரண்டிலிருந்து பதினைந்து அடிக்குள் காரை நிறுத்தக் கூடாது. தெருவில் கிடக்கும் ஹோஸின் மேல் அதிகாரியின் அனுமதி இல்லாமல் வண்டியை ஏற்றக் கூடாது, தீயணைப்பு வண்டியின் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகக் கூடாது என்றெல்லாம் பல மாநிலங்களிலும் ஊர்களிலும் விதி இருக்கிறது. நியூயார்க்கில் கண்ணாடி உடைந்தால் ஒழுக்கம், அல்சூரில் உடைந்தால் அராஜகம்.

ஹோஸ் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வெள்ளிக்கிழமை அதுவும் நடந்தது, அதை யாரும் வீடியோவில் வட்டம் போடவில்லை. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஸ்கூட்டரில் வந்த ஒருவர், "ஒரு நிமிஷம் சார், அந்த வீடுதான்" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஹோஸின் மேல் ஏற்றிப் போனார். என் தாய்மாமா கர்நாடகத் தீயணைப்புப் படையில் லீடிங் ஃபயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குக் காது மந்தம், பம்பு பக்கத்தில் நின்று நின்று வந்தது என்று அவரே சொல்வார். டயர் ஏறும்போது என்ன ஆகும் என்று அவர்தான் எனக்கு விளக்கியிருக்கிறார். அழுத்தத்தில் ஓடும் தண்ணீர் ஒரு கணம் தடைபட்டு மறுகணம் முழு வேகத்தில் பாயும்போது, முன்னால் பிராஞ்சை, அதாவது ஹோஸின் முனைக்குழாயை, பிடித்து நிற்பவனுடைய கை பின்னுக்கு உதறப்படும். அவன் அந்த நேரத்தில் ஏணியில் நின்றால் கீழே விழுவான். ஹோஸ் மூட்டில் கழன்றுகொண்டால் அந்த பித்தளைக் கப்ளிங் அடித்த அடியில் காலே போகும். "பாப்பா, நெருப்புக்கு நாங்க பயந்ததே இல்ல, ஜனங்களுக்குத்தான் பயந்தோம்" என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

இன்னொன்றும் அவர் சொன்னதுதான். சாதாரணமாக ஒரு வாட்டர் டெண்டரில், அதாவது தண்ணீரைச் சுமந்து வரும் தீயணைப்பு வண்டியில், நான்காயிரத்து ஐந்நூறு லிட்டர் தண்ணீர் இருக்கும், கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தெரியும். ஒரே ஒரு பெரிய ஹோஸை முழு அழுத்தத்தில் திறந்துவிட்டால் அது ஆறேழு நிமிடத்துக்குமேல் தாங்காது. அதற்குள் அடுத்த வண்டி வந்து சேர்ந்தாக வேண்டும், காலியான வண்டி வெளியே போயாக வேண்டும். முதல் வண்டி வந்தவுடன் "அதான் வந்துட்டாங்களே" என்று சந்து முழுவதும் நிறைந்து நின்று கைபேசியை உயர்த்திப் பிடிக்கிறவர்கள், அந்த இரண்டாவது வண்டியைத்தான் மறிக்கிறார்கள். அதிலும் இது பஞ்சுக் கிடங்கு. மேலே அணைந்துவிட்டது போலத் தெரியும், மூட்டைக்குள் கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு மூட்டையாக வெளியே இழுத்துப் பிரித்து நனைக்க வேண்டும். அதற்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் "ஹிந்தே ஹோக்ரீ", பின்னால் போங்கள், என்று கன்னடத்தில் திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

இனி மொழிக்கு வருகிறேன், இதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வீரர் கன்னடத்தில் அதட்டியதை வைத்து, கார்க்காரர் தமிழர் என்பதால்தான் இப்படி நடந்தது என்று ஒரு பெரியவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஐயா, புகைக்குள்ளிருந்து ஓடி வருகிறவர் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டா கண்ணாடியை உடைத்தார்? எரிந்துகொண்டிருந்ததும் ஒரு தமிழருடைய கடைதானே, அதற்காக அவர்கள் தண்ணீரைக் குறைத்தா அடித்தார்கள்? இந்தத் துறையின் தலைமையகம் அண்ணாசாமி முதலியார் சாலையில் இருக்கிறது, நம் தமிழ்ச் சங்கம் இருக்கும் அதே சாலைதான். சங்கத்துக்குப் போகிற வழியில் அந்தச் சிவப்பு வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 2023 அக்டோபரில் அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடை எரிந்தபோது செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், அங்கே போய் நெருப்பை அணைத்தவர்கள் இதே படையினர். ஒரு கண்ணாடிக்காக மொழியை இழுக்கிறவர்கள் அன்று எத்தனை பதிவு எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டால் கோபப்படுவீர்கள்.

சரி, வந்திருக்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "காரை எங்கேதான் நிறுத்துவது, இந்த ஊரில் பார்க்கிங் எங்கே இருக்கிறது?" என்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் நிறுத்துங்கள், சந்தின் வாயில் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான். இதற்குமேல் இந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்க எனக்கு மனமில்லை.

"சைரனைத்தான் எல்லோரும் துஷ்பிரயோகம் செய்கிறார்களே, காலி ஆம்புலன்ஸ்கூட அடித்துக்கொண்டு போகிறதே" என்பதில் நியாயம் உண்டு. அமைச்சர்கள் சிவப்பு விளக்கைச் சுழற்றிக்கொண்டு போனதெல்லாம் 2017 மே மாதத்தோடு முடிந்தாலும், அந்தக் காலத்தில் நமக்கு வந்த எரிச்சல் இன்னும் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை புகை தெரிந்ததே! கண்ணெதிரே புகையைப் பார்த்துக்கொண்டே சைரன் உண்மையா பொய்யா என்று யார் ஆராய்ச்சி செய்வார்கள்? சிக்னலில் கோட்டைத் தாண்டி வழிவிட்டால் கேமரா அபராதம் போடுகிறது என்கிறார் இன்னொருவர். அப்படி வழிவிட்டதற்காக வரும் அபராதத்தை ரத்து செய்வோம் என்று பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையே சொல்லியிருக்கிறது.

"மரியாதையாகச் சொல்லியிருக்கலாமே" என்பதுதான் அதிகம் பேர் சொன்னது, அதுதான் என்னை அதிகம் வருத்தியது. மரியாதையாக எப்படிச் சொல்வது? முதுகில் காற்றுச் சிலிண்டரையும் முகத்தில் மாஸ்க்கையும் மாட்டிக்கொண்டு, உள்ளே யாராவது மாட்டியிருக்கிறார்களா என்று தெரியாத நிலையில், "தாங்கள் சற்றே நகர்ந்து நிற்க இயலுமா?" என்று கேட்க வேண்டுமா? 2015 மே மாதம் மும்பை கால்பாதேவியில் எரிந்த கட்டடம் சரிந்து அந்த நகரத் தீயணைப்புப் படையின் தலைவர் உட்பட நான்கு அதிகாரிகள் உயிரை விட்டார்கள். தலைமை அதிகாரியே உள்ளே போகிற வேலை இது. அவர்கள் வாயில் ஒரு வசைச்சொல் வந்துவிட்டால் நமக்குச் சுயமரியாதை பொத்துக்கொண்டு வருகிறது. தினமும் டிராஃபிக்கில் ஒருவரை ஒருவர் என்னவெல்லாம் திட்டிக்கொள்கிறோம் என்பதை இந்தச் சுயமரியாதைக்காரர்கள் மறந்துவிட்டார்கள்.

"எப்படியும் தாமதமாகத்தானே வருகிறார்கள்" என்பவர்களுக்கு எங்கள் பழைய வீட்டுக் கதையைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அடுக்களையில் கேஸ் ட்யூபில் தீப்பிடித்துத் திரைச்சீலைக்குத் தாவியது. வண்டி சீக்கிரமே வந்துவிட்டது, ஆனால் தெருமுனையில் நின்றுவிட்டது. அங்கே ஒரு சீமந்தத்துக்குத் தெருவை அடைத்து ஷாமியானா போட்டிருந்தார்கள். வீரர்கள் கயிற்றை அவிழ்க்கப் போனபோது, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வந்து, "பந்தி நடக்குதுங்க, பாயசம் போட்டதும் எழுந்துடுவாங்க" என்றார். நான் கைக்குழந்தையோடு அந்தப் பந்தியின் ஓரத்தில் நின்று அதை என் காதால் கேட்டேன். ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தது எதிர்வீட்டு ஆட்டோக்காரர். மறுநாள் தெருவே கூடிப் பேசியது, தீயணைப்பு வண்டி லேட் என்று.

நாம் மறித்தால் அது அவர்களுடைய தாமதம் ஆகிவிடுகிறது. 2025 ஆகஸ்டில் நகரத்பேட்டையில் ஐந்து பேர் தீயில் இறந்தபோது குறுகலான தெருக்களைப் பற்றி எல்லோரும் பேசினோம், இதே குழுவிலும் பேசினோம். தெரு குறுகலாக இருப்பது பழைய ஊரின் அமைப்பு, அதை யாரும் இன்று அகலப்படுத்திவிட முடியாது. அந்தக் குறுகிய தெருவிலும் பாதியைக் காருக்கும், கால்வாசியைக் கடையின் படிக்கும் கொடுத்துவிட்டு மீதியில் வண்டி வரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நம்முடைய அமைப்பு. பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் எரிந்து ஒன்பது பேர் செத்தது 2010இல். அதைப் பற்றி மட்டும் மாமா இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உன் மாமா அந்தத் துறையில் இருந்தார், அதனால் நீ ஆதரிக்கிறாய்" என்று ஒருவர் தனிச்செய்தியில் எழுதியிருக்கிறார். ஆம், இருந்தார். அதனால்தான் எனக்கு இது தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. தீபாவளி அன்று எங்கள் வீட்டில் அவர் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டதாக எனக்கு நினைவே இல்லை, அன்றைக்கு யாருக்கும் விடுப்புக் கிடையாது. நீங்கள் விட்ட ராக்கெட்டை அணைக்கத்தான் போயிருப்பார்.

மனுவைப் பற்றிக் கடைசியாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டு எண்ணைக் கேட்காமலேயே சேர்த்திருக்கிறீர்கள், நீக்கிவிடுங்கள், நான் கையெழுத்துப் போடமாட்டேன். முழுக் காப்பீடு எடுத்திருந்தால் அந்தக் கண்ணாடிக்கு அங்கேயே கேட்டுப் பார்க்கலாம், எடுக்கவில்லை என்றால் அதற்கும் தீயணைப்புத் துறை பொறுப்பல்ல. கிடங்கில் சரக்கு முழுவதையும் இழந்த மெத்தைக் கடை அண்ணாச்சிக்கு இந்தக் குழுவிலிருந்து யாராவது ஒரு போன் செய்தீர்களா என்று தெரியவில்லை. அவருக்காக மனு எதுவும் என் கண்ணில் படவில்லை. இந்தப் பதிவுக்கு மறுப்பு எழுத விரும்புகிறவர்கள் தாராளமாக எழுதலாம், காரின் உரிமையாளரும் எழுதலாம். கண்ணாடி உடைந்த மறுநாளிலிருந்து அவருடைய கைபேசி முதல் மணியிலேயே எடுக்கப்படுவதாகக் கேள்விப்பட்டேன்.