செவிலியர்கள் பாதுகாப்பாகத்தான் இருந்தார்களா?

"ராணுவ நர்ஸ்கள் பின்னால் பத்திரமாக இருந்தார்கள், குண்டு பட்டதெல்லாம் சிப்பாய்களுக்குத்தான்" என்று இரண்டாம் உலகப் போர் பற்றி எழுதப்பட்டிருக்கும் வரி தவறு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து 'வைனர் புரூக்' கப்பலில் கிளம்பிய ஆஸ்திரேலிய ராணுவ நர்ஸ்கள் 65 பேர். ஜப்பானிய விமானங்கள் கப்பலை மூழ்கடித்ததில் 12 பேர் இறந்தார்கள். 22 பேர் இன்றைய இந்தோனேசியாவில் இருக்கும் பங்கா தீவின் ஒரு கடற்கரையில் ஒதுங்கினார்கள். மற்ற பெண்களும் குழந்தைகளும் ஊரை நோக்கி நடந்தபோது, காயம்பட்டவர்களை விட்டுப் போக மனமில்லாமல் இவர்கள் அங்கேயே தங்கினார்கள். ஜப்பானிய வீரர்கள் வந்து, அவர்களைக் கடலுக்குள் இறங்கி நடக்கச் சொல்லி, பின்னாலிருந்து சுட்டார்கள். அந்த 22 நர்ஸ்களில் பிழைத்தது விவியன் புல்விங்கல் மட்டும். இடுப்பில் குண்டு துளைத்த நிலையிலும் செத்தவர்போல் மிதந்து தப்பினார். அவரும் வேறு இடங்களில் கரைசேர்ந்த மற்ற நர்ஸ்களும் ஜப்பானியரிடம் சிறைப்பட்டார்கள்; அப்புறம் சிறைமுகாமிலும் 8 நர்ஸ்கள் இறந்தார்கள். ஊர் திரும்பியது 24 பேர்தான். தயவுசெய்து அந்த வரியைத் திருத்துங்கள்.