மருந்து எடுக்கும் தாயிடம் பாலை நிறுத்தச் சொல்லாதீர்கள்

"மருந்து எடுக்கிற, புள்ளைக்குப் பால் குடுக்காத." இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் கேட்கும் பேச்சு இது. அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஐந்து நாள் மாத்திரைக்காகப் பாலை நிறுத்தினால் மார்பு கட்டிக்கொள்ளும், பால் குறையும், பிள்ளை சூப்பிப் போத்தலுக்குப் பழகிவிடும். அப்புறம் மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணியில் பால்மா. விலை தாங்காமல் அதையும் நீர்க்கக் கரைப்பார்கள். வயிற்றோட்டம் அங்கேதான் ஆரம்பம்.

பனடோல், அமொக்சிசிலின், குளொக்சசிலின், இன்சுலின், மெட்போர்மின், தைரொக்சின், பிரசருக்குத் தரும் நிபெடிபின், இவை எதற்குமே பாலை நிறுத்த வேண்டியதில்லை. பாலில் சேரும் அளவு மிகச் சொற்பம். காசநோய் மாத்திரை எடுக்கும் தாயும் கொடுக்கலாம். ஆனால் தாய் மாஸ்க் போட வேண்டும், பிள்ளையைப் பரிசோதித்துத் தடுப்பு மருந்து தொடங்க வேண்டும். புற்றுநோய்க்குத் தரும் கீமோ மருந்தும், தைரொயிட்டுக்குத் தரும் கதிரியக்க அயடினும் வேறு கதை. அங்கே நிறுத்தத்தான் வேண்டும். கொடீன் கலந்த இருமல் பாணியும் வேண்டாம், பிள்ளையின் மூச்சு மந்தமாகலாம்.

டொக்டர் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். மருந்துத் துண்டு எழுதும் முன்பே "பால் குடுக்கிறேன், பிள்ளைக்கு இத்தனை மாசம்" என்று சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையும் குறைமாதப் பிள்ளையும் மருந்தை உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேற்றும். பாலுக்கு எழும்பாமல் தூங்கிக்கொண்டே இருந்தால் உடனே காட்டுங்கள்.

மலையில் அதிகம் தவறாகக் கையாளப்படுவது மார்பு அழற்சி. காலையில் கொழுந்து பறிக்கப் போனவர் மத்தியானம் வரை பால் கொடுக்காவிட்டால் பால் தேங்கும். ஒரு பக்கம் சிவந்து, கல் மாதிரி இறுகி, குளிர்காய்ச்சல் வரும். அந்தப் பாலால் பிள்ளைக்குக் கெடுதல் இல்லை, அந்தப் பக்கமும் கொடுக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் வீக்கம் கூடும். பால் கொடுத்த பிறகு ஈரத்துணியால் குளிர் ஒத்தடம், கூடவே பனடோல். ஒரு நாளில் குறையாவிட்டால் அன்டிபயோட்டிக் தேவைப்படும். 10 முதல் 14 நாள் என்று எழுதித் தந்தால், காய்ச்சல் விட்டதும் பாதியில் விடக் கூடாது. ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நாள் வேலைக்குள் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இது உரிமை, யாருடைய தயவும் அல்ல.

கொஞ்ச நாள் நிறுத்தியே ஆக வேண்டுமானால், பாலைக் கறந்து வெளியே கொட்டிவிடுங்கள். 24 மணி நேரத்தில் எட்டுத் தடவை, அதில் ஒன்றாவது இரவில். கையைக் கழுவி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எதிரெதிரே வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றுசேர்த்துப் பிழிய வேண்டும். காம்பை இழுத்தால் வலிதான் மிஞ்சும், பால் வராது. வாட்டில் படுத்த தாய்க்குப் பாதுகாப்பான மருந்து என்றால் கறந்த பாலை வீட்டுக்கு அனுப்பலாம். மூடிய பாத்திரத்தில், அடுப்படியை விட்டுத் தள்ளி வைத்தால் 4 மணி நேரம் தாங்கும். போத்தல் வேண்டாம், கொதிக்க வைத்த கப்பும் கரண்டியும் போதும்.